பாக்ஸ்6 ஒன்று இருந்தால் கண் வந்துவிடுமா?

கேள்வி, ஜூன் 8

ஈயின் காலில் கண் முளைக்க வைத்திருக்கிறார்கள், அதுவும் எலியின் மரபணுவை வைத்து, என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கண்ணை உருவாக்குவது ஒரே ஒரு மரபணுதான் என்றால், கண்ணே இல்லாமல் பிறக்கிற குழந்தைக்கு அந்த ஒன்றைக் கொடுத்தால் போதாதா? ஏன் இன்னும் யாரும் செய்யவில்லை?

ஜூன் 8, இரவு 10.20

காலில் கண் முளைத்தது உண்மை. 1995-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கெரிங்கின் குழு செய்தது. பழ ஈயில் 'ஐலெஸ்' என்று ஒரு மரபணு உண்டு. அது கெட்டுப்போனால் கண் சிறுத்துவிடும், சில ஈக்களில் வரவே வராது. 1915-லேயே மில்ட்ரெட் ஹோக் இப்படிப்பட்ட ஈக்களைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அந்த மரபணு எது என்று 1994-இல்தான் பிடிபட்டது. அதன் எழுத்துவரிசையைப் படித்துப் பார்த்தால், மனிதனில் பாக்ஸ்6 என்று 1991-இல் கண்டுபிடித்திருந்த அதே மரபணுவின் உறவு. அடுத்த வருடம் இவர்கள் அதை ஈயின் கால், இறக்கை, உணர்கொம்பு ஆகியவை உருவாகும் இடங்களில் வேலை செய்ய வைத்தார்கள். அங்கெல்லாம் சிவப்பாகக் கண் முளைத்தது. சுண்டெலியின் பாக்ஸ்6-ஐப் போட்டாலும் முளைத்தது.

காணொளிகள் ஒன்றை விட்டுவிடுகின்றன: சுண்டெலி மரபணு போட்டு வந்ததும் ஈயின் கண்தான். நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அறைகள் கொண்ட கூட்டுக்கண். வெளியூர் மேஸ்திரியைக் கூட்டி வந்து "இங்கே வீடு கட்டுங்கள்" என்று சொல்ல வைத்தால், உள்ளூர்க் கொத்தனார்கள் அவர்களுக்குத் தெரிந்த வீட்டைத்தான் கட்டுவார்கள். பாக்ஸ்6 அந்த மேஸ்திரி. கல்லும் சிமெண்டும் அவன் கையில் இல்லை.

ஜூன் 8, இரவு 11.05

பாக்ஸ்6 ஒரு படியெடுப்புக் காரணி. அப்படியென்றால் என்ன என்று சொல்லாமல் போய்விட்டால் மேலே எழுதியது பாதிதான் புரியும்.

உடம்பின் எல்லாச் செல்களிலும் ஒரே டிஎன்ஏதான். தோல் செல்லிலும் லென்ஸ் புரதம் செய்வதற்கான குறிப்பு இருக்கிறது, யாரும் அதைப் படிப்பதில்லை. எந்தக் குறிப்பைப் படியெடுக்க வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்களே படியெடுப்புக் காரணிகள். டிஎன்ஏவின் மேல் குறிப்பிட்ட எழுத்துவரிசையைத் தேடிப் போய் உட்காரும், பக்கத்து மரபணு திறக்கும் அல்லது மூடும். பாக்ஸ்6 புரதம் 422 அமினோ அமிலம் நீளம். டிஎன்ஏவைப் பிடிக்க அதற்கு இரண்டு பிடிகள். மனிதனின் புரதத்தையும் சுண்டெலியின் புரதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓர் அமினோ அமிலம்கூட வேறுபடவில்லை. அவ்வளவு கோடி வருடங்களில் இதில் கைவைத்த எதுவும் பிழைக்கவில்லை என்று அர்த்தம்.

ஜூன் 9

காலில் கண் முளைத்த ஈயிலும் எல்லா இடத்திலும் முளைத்துவிடவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலும் இறக்கையும் உருவாகப் போகிற செல் தட்டுகளில் டிபிபி என்ற சமிக்ஞைப் புரதம் ஏற்கெனவே இருக்கும் இடங்களில்தான் ஐலெஸ் பேச்சு எடுபட்டது. மற்ற இடங்களில் கட்டளை போகிறது, செல் கேட்கவில்லை.

இன்னொன்று. ஐலெஸுக்குக் கீழே 'சைன் ஆக்குலிஸ்', 'ஐஸ் ஆப்சென்ட்', 'டாக்ஸ்ஹண்ட்' என்று மூன்று பேர். ஐலெஸ் இவர்களைத் தூண்டும். சரி, அதிகாரி, கீழ் அதிகாரி என்று வரிசை போட்டுவிடலாம் என்று பார்த்தால், இந்த மூவரில் இருவரைச் சேர்த்து அதிகமாக வேலை செய்ய வைத்தாலும் வேறு இடத்தில் கண் வருகிறது. அப்போது அவை திரும்பி ஐலெஸையே தூண்டுகின்றன. ஐலெஸுக்கு மேலேயும் ஒன்று இருக்கிறது, 'ட்வின் ஆஃப் ஐலெஸ்'. யார் யாரைத் தூண்டுகிறார்கள் என்று கோடு போட்டால் வலைதான் வருகிறது, மேலிருந்து கீழே வரும் ஏணி வருவதில்லை. 'கண்ணின் தலைமை மரபணு' என்று பாக்ஸ்6-க்குப் பட்டம் கட்டியது பத்திரிகைகளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அந்தப் பட்டம் இத்தனை வருடமாகச் செய்கிற கெடுதலைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முதல் கேள்வி கேட்டவர் ஏமாந்ததும் அதில்தான்.

ஜூன் 11, காலை

"ஈயை விடுங்கள், நமக்கு எப்படி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இளங்கலை விலங்கியல் படித்தவர்களுக்கு 33 மணி நேரக் கோழிக்கரு ஸ்லைடு ஞாபகம் இருக்கும். செய்முறைத் தேர்வில் கட்டாயம் வரும். நான் கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுப்பவள், வருடா வருடம் அதை மாணவர்களுக்குக் காட்டுகிறேன். மூளைக்குழாயின் முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு நிற்கும், அவைதான் கண் குமிழ்கள். ஸ்லைடை விட உயிருள்ள கருவில் பார்ப்பது வேறு. முட்டை ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, கருவுக்கு அடியில் கொஞ்சம் கறுப்பு மை செலுத்தினால், மஞ்சள் கரு மறைந்து வெள்ளையாகக் கரு தெரியும். 48 மணி தாண்டிய முட்டையில் குமிழின் முகப்பு உள்ளே மடங்கிக் கிண்ணமாகிக்கொண்டிருக்கும். அதன் வாயில் வெளித்தோல் தடித்து உள்ளே குழிந்து நிற்கும். அந்தக் குழிதான் லென்ஸ். அதற்குப் பக்கத்திலேயே இதயம் துடித்துக்கொண்டிருக்கும். மாணவர்கள் எல்லோரும் இதயத்தைத்தான் பார்ப்பார்கள். நான் கண்ணைப் பார்க்கச் சொல்லி இழுத்துக்கொண்டிருப்பேன்.

குமிழ் புடைப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. நரம்புத் தட்டு இன்னும் தட்டையாக இருக்கும்போதே அதன் முன்பகுதியில் ஒரு திட்டு 'இது கண்' என்று ஒதுக்கப்படும். கண் களம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ரேக்ஸ், பாக்ஸ்6, சிக்ஸ்3, சிக்ஸ்6, எல்எச்எக்ஸ்2 என்று ஒரு கூட்டமே ஒன்றாக வேலை செய்கிறது. 2003-இல் மைக்கேல் சூபரும் வில்லியம் ஹாரிஸும் உள்ள குழு, தவளைக் கருவில் இந்தக் காரணிகளைக் கலவையாகச் செலுத்திப் பார்த்தது. கலவையாகக் கொடுத்தபோது நரம்பு மண்டலத்துக்கு வெளியேகூடக் கண் வந்தது. சுண்டெலியில் ரேக்ஸ் இல்லாவிட்டால் கண் குமிழே வருவதில்லை. பாக்ஸ்6 இல்லாத சுண்டெலியிலோ குமிழ் வரை வந்து அதற்குப் பிறகுதான் நின்றுபோகிறது. யார் தலைவர் என்று இப்போது சொல்லுங்கள்.

ஜூன் 11, மாலை

காலையில் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது: கண் களம் ஒன்றுதான். இரண்டில்லை. நடுவில் ஒரே திட்டாகத் தொடங்கி அப்புறம்தான் இடம் வலமாகப் பிரிகிறது. பிரிப்பது அடியிலிருக்கும் திசு விடும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞை. நடுக்கோட்டில் அது பாக்ஸ்6-ஐ அடக்குகிறது, இரண்டு ஓரத்திலும் பாக்ஸ்6 மிஞ்சுகிறது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1950-களில் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. ஆடு மேய்ப்பவர்கள் மிரண்டு போனார்கள். தேடிப் பார்த்ததில், மலையில் விளையும் வெராட்ரம் கலிஃபோர்னிகம் என்ற செடியைச் சினை ஆடுகள் மேய்ந்திருந்தன. சினைப்பட்ட 14-ஆம் நாளை ஒட்டி மேய்ந்தால்தான் ஒற்றைக் கண், முன்னே பின்னே போனால் இல்லை. செடியில் இருந்த பொருளுக்கு சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள். அது ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை அடைக்கிறது என்பது பல வருடம் கழித்துத் தெரிந்தது. இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது அந்த 14-ஆம் நாளைத்தான் அழுத்திச் சொல்வேன். கரு வளர்ச்சியில் 'எது' என்பதற்குச் சமமான எடை 'எப்போது' என்பதற்கும் உண்டு.

ஜூன் 14

லென்ஸைப் பற்றிக் கேட்டவருக்கு. லென்ஸ் மூளையிலிருந்து வருவதில்லை, தோலிலிருந்து வருகிறது. விழித்திரைதான் மூளையின் நீட்சி. இரண்டு வெவ்வேறு திசுக்கள் துல்லியமாகச் சந்தித்தால்தான் கண்.

1901-இல் ஹான்ஸ் ஸ்பீமன் ஒரு வகைத் தவளைக் கருவில், கண் குமிழாகப் போகிற இடத்தைச் சூட்டு ஊசியால் எரித்தார். அந்தப் பக்கம் லென்ஸ் வரவில்லை. குமிழ் வந்து தொட்டால்தான் தோல் லென்ஸாகும் என்று முடிவு கட்டினார். சில வருடத்துக்குள் ஹெலன் கிங் வேறு தவளையில் குமிழ் இல்லாமலும் லென்ஸ் வருவதைக் காட்டினார். ஸ்பீமனே இன்னொரு தவளை இனத்தில் செய்து பார்த்தபோதும் வந்தது. பெரிய சண்டை. தோல், குமிழ் வருவதற்கு வெகு முன்பே, சுற்றியிருக்கும் திசுக்களின் சமிக்ஞைகளால் 'லென்ஸாகலாம்' என்ற நிலைக்குத் தயாராகிவிடுகிறது என்பது பிற்பாடு தெளிவானது.

தயாராவது என்றால் என்ன? இங்கே பாக்ஸ்6 மறுபடி வருகிறது. 1994-இல் ஜப்பானில், பாக்ஸ்6 கெட்ட எலிக்கருவையும் நல்ல எலிக்கருவையும் எடுத்துத் தோலையும் குமிழையும் மாற்றி மாற்றி ஒட்ட வைத்தார்கள். நல்ல குமிழ், கெட்ட தோல்: லென்ஸ் இல்லை. கெட்ட குமிழ், நல்ல தோல்: லென்ஸ் வந்தது. லென்ஸ் வருவதற்கு பாக்ஸ்6 தோலுக்குள்ளேயே இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. தொண்ணூறு வருடக் கேள்விக்கு இரண்டே ஒட்டுகளில் பதில்.

தோலுக்குள்ளேயும் பாக்ஸ்6 தனியாக எதையும் சாதிப்பதில்லை. கோழியில் லென்ஸின் முக்கியப் புரதமான கிரிஸ்டலினைத் தொடங்கி வைக்கும் டிஎன்ஏ துண்டில் பாக்ஸ்6-உம் சாக்ஸ்2-உம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். சேர்ந்து உட்கார்ந்தால்தான் பிடி இறுகுகிறது. சாக்ஸ்2-இன் ஒரு பிரதி கெட்டுப்போன மனிதக் குழந்தைகள் இரண்டு கண்ணும் இல்லாமலோ மிகச் சிறிய கண்ணோடோ பிறக்கின்றன. 2003-இல் கண்டுபிடித்தார்கள். கண்ணே இல்லாமல் பிறப்பதற்குத் தெரிந்த மரபணுக் காரணங்களில் அதிகம் காணப்படுவது சாக்ஸ்2 தான், பாக்ஸ்6 இல்லை. முதல் கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜூன் 15

சின்னக் குறிப்பு. கண் கிண்ணத்துக்கு இரண்டு அடுக்கு. உள் அடுக்கு விழித்திரை, வெளி அடுக்கு கறுப்பு நிறமிப் படலம். தொடக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரி செல்கள்தான். உள்ளே விஎஸ்எக்ஸ்2 என்ற காரணி ஏறுகிறது, வெளியே எம்ஐடிஎஃப் என்ற காரணி ஏறுகிறது, விஎஸ்எக்ஸ்2 எம்ஐடிஎஃபை அடக்குகிறது. எம்ஐடிஎஃப் கெட்ட சுண்டெலியில் நிறமிப் படலம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவதாக ஒரு விழித்திரை வளர்கிறது. இரண்டு புரதங்களுக்கு இடையிலான இழுபறியில் பார்வை நிற்கிறது.

2011-இல் ஜப்பானின் கோபே நகரில் யோஷிகி சசாயின் குழு சுண்டெலியின் மூலச் செல்களை ஒரு கிண்ணத்தில் உருண்டையாக மிதக்கவிட்டது. பக்கத்தில் தோல் இல்லை, லென்ஸ் இல்லை. ரேக்ஸ் வேலை செய்யும் செல்கள் ஒளிரும்படி முன்பே செய்திருந்தார்கள். உருண்டையிலிருந்து அப்படி ஒளிரும் குமிழ்கள் புடைத்து, தானாக உள்ளே மடங்கிக் கண் கிண்ணமாயின. அந்தப் படங்களை முதலில் பார்த்த அன்று நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

ஜூன் 19

ஒரு தாய் தனிச்செய்தியில் கேட்டதை, அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாத அளவில் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவர் பிள்ளைக்கு ஐரிஸ் இல்லை, அதாவது கண்பாவையைச் சுற்றியிருக்கும் நிற வளையம் இல்லை. அனிரிடியா. டாக்டர் பாக்ஸ்6 என்று சொல்லியிருக்கிறார். "மரபணு இல்லை என்றால் கண் எப்படி வந்தது?" என்று கேட்கிறார்.

மரபணு இருக்கிறது. நம் எல்லோருக்கும் பாக்ஸ்6 இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, 11-ஆம் குரோமோசோமில். அனிரிடியாவில் ஒன்று கெட்டிருக்கும், மற்றது நன்றாக இருக்கும். பாதி அளவு புரதம் தயாராகிறது. பாதி இருந்தால் கண் உருவாகிறது, ஆனால் குறைகளோடு. ஐரிஸ் முழுதாகவோ பெரும்பகுதியோ வருவதில்லை. விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வைக்கான குழி சரியாக அமைவதில்லை, அதனால்தான் பார்வை மங்கல், கண் ஆடுவது. பிற்பாடு கண்புரை, கண் அழுத்தம் கூடும் குளோக்கோமா, கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமான கார்னியா மங்குவது எல்லாம் வரலாம். இரண்டு பிரதியும் கெட்ட சுண்டெலிக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, பிறந்த உடனே இறந்துவிடுகிறது.

பெயர் 'ஐரிஸ் இல்லாமை' என்று இருப்பதால் எல்லோரும் ஐரிஸையே பார்க்கிறார்கள். என் அண்ணன் மகளுக்கு இதே அனிரிடியா. பள்ளியில் அவளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார்கள், வெளிச்சம் நன்றாக வரும், படிக்கச் சுலபம் என்று நல்லெண்ணத்தில். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு புத்தகத்தில் தலையைப் புதைத்தால், கவனம் இல்லை என்று குறை. வெளிச்சத்தைக் குறைக்க அவள் கண்ணில் திரையே இல்லை என்பதை அண்ணி எழுதிக் கொடுத்த பிறகும் தொப்பி போட அனுமதி வாங்க ஒரு பருவம் முழுக்க அலைந்தார். இன்று அவள் நிறக்கண்ணாடி, தொப்பியோடு முதல் வரிசையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருகிறாள். நன்றாகப் படிக்கிறாள். அந்தத் தாய் முதலில் இடத்தை மாற்றச் சொல்லட்டும், மரபணு அப்புறம்.

ஜூன் 19, இரவு

மேலே சொன்னதில் அவசரமான ஒன்றைத் தனியாகப் போடுகிறேன், அடியில் புதைந்துவிடக் கூடாது.

குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் ஒரு குழந்தைக்கு மட்டும் அனிரிடியா வந்திருந்தால், 11-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே காணாமல் போயிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பாக்ஸ்6-க்குப் பக்கத்து வீட்டில் டபிள்யூடி1 என்ற மரபணு இருக்கிறது. அதுவும் ஒரு படியெடுப்புக் காரணிதான், சிறுநீரகத்தை உருவாக்க உதவுவது. துண்டு பெரிதாகப் போய் இரண்டும் சேர்ந்து போயிருந்தால் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி வரும் ஆபத்து மிக அதிகம், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய். அதனால் சோதனை முடிவு வரும்வரையும், துண்டு போயிருப்பது உறுதியானால் சுமார் எட்டு வயது வரையும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். கண் டாக்டரும் குழந்தை டாக்டரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள் என்று இருக்க வேண்டாம், நீங்களே கேளுங்கள்.

ஜூன் 20

"பாதி போதவில்லை என்றால் கூடுதலாகக் கொடுக்கலாமே?"

1996-இல் எடின்பரோவில் பார்த்துவிட்டார்கள். மனித பாக்ஸ்6 உள்ள நீண்ட டிஎன்ஏ துண்டைச் சுண்டெலிக்குள் வைத்தார்கள். ஒரு பிரதி கெட்ட சுண்டெலிக்கு அது சரியான அளவில் கிடைத்தபோது கண் தேறியது. நல்ல சுண்டெலிக்குப் பல பிரதிகள் சேர்ந்தபோது கண் சிறுத்துப்போனது. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. மருந்தாகக் கொடுக்க நினைப்பவர்களின் முதல் தலைவலி இதுதான்.

ஜூன் 23

பின்னூட்டங்களில் இருவர் சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கிரகணம் என்கிறார். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அனிரிடியாவுக்கு ஒரு பிரதி கெட்டாலே போதும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குப் புதிதாக ஏற்பட்ட மாற்றத்தால் வருகிறது. மாமன் மகளைக் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பழியை அம்மாக்கள் தலையில் ஏற்றுவதை நிறுத்துங்கள். மதுரை அரவிந்த் ஆய்வாளர்கள் 2004-லேயே தென்னிந்திய அனிரிடியா நோயாளிகளிடம் பாக்ஸ்6 மாற்றங்களைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள், நம் ஊரிலும் காரணம் அதேதான்.

ஆனால் சொந்தத் திருமணத்துக்குக் கண் வளர்ச்சியில் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. விஎஸ்எக்ஸ்2, ரேக்ஸ் போன்றவற்றில் இரண்டு பிரதியும் கெட்டால்தான் கண் சிறுக்கும் அல்லது வராமல் போகும். அம்மா, அப்பா இருவரிடமும் ஒரே கெட்ட பிரதி இருக்கும் வாய்ப்பு சொந்தத்தில் கூடுகிறது. எந்த மரபணு என்று தெரியாமல் தீர்ப்பு எழுத முடியாது.

கிரகணத்துக்கு வருவோம். மனிதக் கருவில் கண்ணின் முதல் பள்ளம் 22-ஆம் நாளை ஒட்டித் தெரிகிறது. கிண்ணத்தின் அடியில் இருக்கும் பிளவு ஏழாவது வாரத்துக்குள் மூடிவிடுகிறது. மூடாவிட்டால்தான் கொலபோமா, கண்பாவை சாவித்துளை போலக் கீழ்நோக்கி நீண்டிருக்கும். பாக்ஸ்2 என்ற காரணி கெட்டால் பார்வை நரம்பில் அந்தப் பிளவும் கூடவே சிறுநீரகக் குறையும் வரும். இவ்வளவும் நடந்து முடியும்போது பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனது இப்போதுதான் உறுதியாகியிருக்கும். ஏழாம் மாதத்தில் கிரகணத்தன்று வெளியே வந்தாள், கத்தி எடுத்தாள் என்று பேசுவதற்கு இதில் இடமே இல்லை.

ஜூன் 24

அப்படியானால் தாய் சாப்பிடுவதற்கும் சம்பந்தம் இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட முடியாது.

1933-இல் டெக்சாஸில் ஃப்ரெட் ஹேல் ஒரு பெண் பன்றிக்கு வைட்டமின் ஏ இல்லாத தீவனம் கொடுத்து வளர்த்தார். பிறந்த 11 குட்டிகளில் ஒன்றுக்கும் கண்விழி இல்லை. வைட்டமின் ஏ உடம்பில் ரெட்டினோயிக் அமிலமாக மாறுகிறது. அது செல்லின் உட்கருவுக்குள் போய் ஒரு புரதத்தின் மேல் உட்காருகிறது. அந்தப் புரதமே ஒரு படியெடுப்புக் காரணி. ஆக, சாப்பாட்டில் இருக்கும் ஒன்று நேராக டிஎன்ஏ வரை போய்ப் பேசுகிறது. ஹேலின் பன்றிக்குட்டிகளின் மரபணுக்களில் குறை எதுவும் இல்லை, அவற்றைத் திறக்க வேண்டிய கை வரவில்லை.

உடனே கர்ப்பிணிகள் வைட்டமின் ஏ மாத்திரை வாங்க ஓட வேண்டாம். இதிலும் அதே கதைதான், கூடினால் கேடு. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் இதே வகைப் பொருள், கருவை மோசமாகச் சிதைக்கும். முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி என்று உணவில் வருவது வரட்டும், மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும்.

ஜூன் 29

அந்தத் தாய் மறுபடி எழுதினார். மரபணுச் சோதனையில் 'மாற்றம் எதுவும் இல்லை' என்று வந்திருக்கிறதாம். ஆய்வகம் ஏமாற்றிவிட்டதா என்று சந்தேகம்.

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான சோதனைகள் புரதத்தைச் செய்யும் பகுதியின் எழுத்துக்களை மட்டும் படிக்கும். ஒரு துண்டே இல்லாமல் போயிருந்தால் மிச்சமிருக்கும் நல்ல பிரதியைப் படித்துவிட்டு 'எல்லாம் சரி' என்று சொல்லிவிடும். துண்டு போயிருக்கிறதா என்று பார்க்க வேறு சோதனை வேண்டும். அதையும் கேட்டுச் செய்யுங்கள்.

அதற்கும் அப்பால் ஒன்று உண்டு. பாக்ஸ்6-ஐ எங்கே எப்போது திறக்க வேண்டும் என்ற ஆணைகள் மரபணுவுக்கு வெளியே வெகுதூரத்தில், இஎல்பி4 என்ற பக்கத்து மரபணுவின் உள்ளே எழுதப்பட்டிருக்கின்றன. 2013-இல் ஓர் அனிரிடியா நோயாளியின் பாக்ஸ்6 முழுதும் நன்றாக இருந்தது. சுமார் 1,50,000 எழுத்து தள்ளி ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த இடம் எது தெரியுமா? பாக்ஸ்6 புரதம் வந்து உட்கார்ந்து தன்னையே தொடர்ந்து திறந்து வைத்துக்கொள்ளும் இடம். பிடிக்க இடம் போனதும் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் சுற்று அறுந்துவிட்டது. ஒரு காரணி எவ்வளவு முக்கியம் என்பது அதன் எழுத்துக்களில் மட்டும் இல்லை, அதை இயக்கும் வெறும் இடம் போலத் தெரிகிற பகுதியிலும் இருக்கிறது.

ஜூலை 5

முதல் கேள்வி இன்னும் பாதி அப்படியே நிற்கிறது: குழந்தைக்குக் கொடுத்தால் என்ன?

பிறந்த குழந்தையின் கண் களம் ஒதுக்கும் நாள் போய்விட்டது, குமிழ் புடைக்கும் நாள் போய்விட்டது, தோல் லென்ஸாகக் காத்திருந்த நாள் போய்விட்டது. அந்த நாட்களுக்கான மற்ற காரணிகளும் இடத்தைக் காலி செய்துவிட்டன. பாக்ஸ்6-உம் காலத்துக்கு ஏற்ப வேலை மாற்றும். முதலில் கண்ணைத் தொடங்க, அப்புறம் லென்ஸுக்கு, பிறகு விழித்திரைச் செல்களின் வகைகளுக்கு. 2001-இல் ஒரு குழு சுண்டெலியின் வளரும் விழித்திரையில் மட்டும், கண் உருவாகத் தொடங்கிய பிறகு பாக்ஸ்6-ஐ நீக்கியது. விழித்திரை மறையவில்லை, ஆனால் பலவகைச் செல்கள் வர வேண்டிய இடத்தில் அமக்ரைன் என்ற ஒரே வகைதான் வந்தது. கண்ணே இல்லாத குழந்தைக்கு இன்று பாக்ஸ்6 கொடுத்தால் அந்தக் கட்டளையைக் கேட்கக் குமிழ் இல்லை.

ஆனால் கதவு முழுக்க மூடியதாகவும் நான் நினைக்கவில்லை. அனிரிடியாவில் கண் இருக்கிறது, கார்னியாவும் விழித்திரையும் பிறந்த பிறகும் பாக்ஸ்6-ஐப் பயன்படுத்துகின்றன. 2014-இல் கனடாவில், பாக்ஸ்6-இன் நடுவே 'நிறுத்து' என்ற தவறான குறி விழுந்த சுண்டெலிகளுக்கு, அந்தக் குறியைத் தாண்டிப் படிக்க வைக்கும் மருந்தைப் பிறந்த பிறகு கொடுத்தார்கள். கண் திசுக்களின் குறைகள் கணிசமாகச் சரியாயின. சுண்டெலியின் கண் பிறந்த பிறகும் கொஞ்ச நாள் வளர்கிறது, நம் குழந்தைகளுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. மனிதர்களுக்கு இது இன்னும் சிகிச்சையாக வரவில்லை. வர வேண்டும் என்று என் அண்ணன் மகளுக்காக ஒவ்வொரு புதுக் கட்டுரையையும் தேடிப் படிக்கிறேன்.

ஜூலை 6

குகைமீனை ஒருவர் கேட்டார். மெக்சிகோவின் குகைகளில் கண்ணில்லாத அஸ்டியானாக்ஸ் மீன்கள் உண்டு. கருவில் கண் தொடங்குகிறது. ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை நடுக்கோட்டில் அகலமாகப் பரவி பாக்ஸ்6 பகுதியைச் சுருக்குகிறது, பிறகு லென்ஸ் செல்கள் செத்துப்போகின்றன. 2000-இல் யமமோட்டோவும் ஜெஃப்ரியும் வெளிச்சத்தில் வாழும் மீனின் லென்ஸைக் குகைமீன் கருவில் வைத்தார்கள். கண் வளர்ந்தது. விழித்திரை எல்லாம் தயாராகத்தான் இருந்திருக்கிறது. ஜூன் 11 மாலை சொன்ன ஆட்டுக்குட்டியும் இந்த மீனும் ஒரே சமிக்ஞையின் இரண்டு எதிர்ப்பக்கங்கள், சேர்த்துப் படியுங்கள்.

ஜூலை 28

அந்தத் தாயின் பிள்ளைக்கு இரண்டாவது சோதனை முடிவு வந்துவிட்டது. துண்டு போயிருக்கிறது, ஆனால் சின்னது. பாக்ஸ்6-இன் வால்பகுதியோடு நின்றுவிட்டது, டபிள்யூடி1 பத்திரமாக இருக்கிறது. சிறுநீரக ஸ்கேனை நிறுத்தலாமா என்பதை அவர்கள் மரபியல் டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், என்னிடம் கேட்டு வேண்டாம். கண் அழுத்தம் பார்ப்பது மட்டும் வாழ்நாள் முழுக்க, விடவே கூடாது. அடுத்த குழந்தை வேண்டும் என்கிறார்கள், அதனால் கணவன் மனைவி இருவரின் ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னேன். இருவரிடமும் மாற்றம் இல்லை என்று வந்தாலும், கருமுட்டையிலோ விந்திலோ மட்டும் ஒளிந்திருக்கும் சிறு வாய்ப்பு உண்டு. ஆகவே அடுத்த கர்ப்பம் உறுதியானவுடனே, பத்து வாரம் தாண்டும் முன்பே, மரபியல் ஆலோசனைக்குப் போய்விட வேண்டும்.